பால்வீதியின் மையத்தில் தனித்து நிற்கும் கார்பன்: வரைபடம் எதைச் சொல்கிறது?

பால்வீதியின் மையப் பகுதியைக் காட்டும் படங்கள் கடந்த சில ஆண்டுகளாக அடிக்கடி செய்திகளில் இடம்பெறுகின்றன. 2022 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி எடுத்த படம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் அங்கிருக்கும் கருந்துளையின் படம் வந்தது. இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத இன்னொரு வகைப் படமும் உண்டு. அது அணு நிலையில் இருக்கும் கார்பனின் உமிழ்வை வரைந்து காட்டும் படம். நாளிதழ்களில் கார்பன் உமிழ்வு என்றாலே புகைபோக்கிதான் நினைவுக்கு வரும். இங்கே உமிழப்படுவது ஒளி. அதுவும் கண்ணுக்குத் தெரியாத, அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே நீளமான அலைகள்.

இந்த வரைபடங்களைப் பற்றி எழுதும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. படத்தில் பிரகாசமாகத் தெரியும் மேகத்தில் கார்பன் அதிகம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மேகத்தில் மொத்தக் கார்பன் அதிகமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேறு எதோடும் சேராமல் தனி அணுவாக நிற்கும் கார்பன் எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் படம் காட்டுகிறது. அந்த அணு ஏன் தனியாக நிற்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் இந்த ஆய்வுகளின் சுவையான பகுதி தொடங்குகிறது.

கார்பன் இருக்கக்கூடிய மூன்று நிலைகள்

விண்மீன்களுக்கு இடையில் பரவியிருக்கும் வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன், அடுத்தது ஹீலியம். மற்ற தனிமங்கள் எல்லாம் சேர்ந்தும் சொற்பம்தான். அந்தச் சொற்பத்தில் ஆக்சிஜனும் கார்பனும் முன்னணியில் இருக்கின்றன. தூசுத் துகள்களில் சிக்கிய பங்கை விட்டுவிட்டால், வாயுவில் இருக்கும் கார்பனைப் பொதுவாக மூன்று நிலைகளில் காணலாம்.

1. ஓர் எலக்ட்ரானை இழந்த அயனி. புற ஊதாக் கதிர் பலமாக விழும் இடங்களில் இந்த நிலை மேலோங்கும். இதன் அடையாளக் கோடு, அதாவது நிறமாலையில் இது ஒளிவிடும் குறிப்பிட்ட அலைநீளம், 158 மைக்ரோமீட்டரில் வருகிறது.
2. எதையும் இழக்காத, எதோடும் சேராத நடுநிலை அணு. இக்கட்டுரையின் பொருள் இதுதான்.
3. ஆக்சிஜனோடு இணைந்த கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு. அடர்ந்த, குளிர்ந்த, வெளிச்சம் புகாத மேகங்களின் உட்பகுதியில் கார்பன் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும்.

கார்பன் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்க்க 11.26 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. கார்பன் மோனாக்சைடை உடைக்க ஏறத்தாழ 11.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே மூலக்கூறை உடைக்கும் அதே புற ஊதாக் கதிர், விடுபட்ட அணுவையும் விட்டுவைக்காமல் உடனே அயனியாக்கிவிடும். நடுநிலை அணுவுக்கு நிலைத்து வாழ இடமே இல்லாததுபோல் தோன்றும்.

1980களில் உருவான மாதிரிகள் இதைத்தான் சொல்லின. மூலக்கூறு மேகம் ஒன்றின் வெளிப்புறத்தில் கார்பன் அயனி, உள்ளே கார்பன் மோனாக்சைடு, இரண்டுக்கும் நடுவே வெங்காயத்தின் தோலைப்போல மெல்லிய ஓர் அடுக்கில் மட்டும் நடுநிலை அணு. கணக்கு அழகாக இருந்தது. வானம் அதற்குக் கட்டுப்படவில்லை. மேகங்களை வரைந்து பார்த்தபோது, நடுநிலைக் கார்பன் விளிம்புகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்காமல், கார்பன் மோனாக்சைடு இருக்கும் பரப்பு முழுவதும் பரவிக் கிடந்தது.

அணு ஒளிவிடும் விதம்

கார்பனின் வெளிக்கூட்டில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களின் சுற்றுப்பாதை உந்தமும் தற்சுழற்சியும் ஒன்றோடொன்று மூன்று விதமாகச் சேரலாம். அதனால் அணுவின் அடிநிலை மிகச் சிறிய இடைவெளி கொண்ட மூன்று படிகளாகப் பிளவுபடுகிறது. இரண்டாம் படி அடிப்படியைவிட 23.6 கெல்வினுக்கு ஈடான ஆற்றல் மட்டுமே உயர்ந்தது. மூன்றாம் படி 62.5 கெல்வின் உயரத்தில் இருக்கிறது. உறைபனிக்கும் கீழே 200 டிகிரிக்கு மேல் குளிர்ந்துபோன மேகத்தில்கூட, ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்று மோதினாலே கார்பன் அணு இரண்டாம் படிக்கு ஏறிவிடும்.

ஏறிய அணு கீழே இறங்கும்போது ஒளி வருகிறது. இரண்டாம் படியிலிருந்து அடிப்படிக்கு இறங்கினால் அதிர்வெண் 492 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 609 மைக்ரோமீட்டர். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 809 கிகாஹெர்ட்ஸ், 370 மைக்ரோமீட்டர். அணுவுக்கு அவசரம் இல்லை. தொந்தரவு செய்யாமல் விட்டால், இரண்டாம் படியிலிருந்து இறங்கச் சராசரியாக ஐந்து மாதம் எடுத்துக்கொள்ளும். ஒரு கன சென்டிமீட்டரில் ஆயிரம் மூலக்கூறு அளவுக்கு அடர்த்தி இருந்தாலே இந்தக் கோடு நன்றாகத் தூண்டப்படுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்ட வெற்றிடம். வானியலாளர்களின் கணக்கில் அது அடர்ந்த மேகம்.

இரண்டு கோடுகள் இருப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. வெப்பநிலை கூடக் கூட மூன்றாம் படியில் அணுக்கள் பெருகும், 809 கோடு வலுக்கும். ஆகவே இரு கோடுகளின் விகிதமே ஒரு வெப்பமானி. பிரகாச வெப்பநிலை அலகில் (ரேடியோ வானியலில் பிரகாசத்தைக் கெல்வினில் சொல்லும் முறை) இரண்டும் சமமாக இருந்தால், கார்பனின் கிளர்ச்சி வெப்பநிலை, அதாவது அணுக்கள் படிகளில் பரவியிருக்கும் விதம் காட்டும் வெப்பநிலை, 52 கெல்வினை ஒட்டியிருக்கும். 809 கோடு பாதியளவே இருந்தால் 27 கெல்வின்.

ஹைட்ரஜனையே நேரடியாகப் பார்த்தால் என்ன?

மேகத்தின் எடையில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான். அதை நேரடியாகப் பார்க்க முடிந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஹைட்ரஜன் மூலக்கூறு சமச்சீரானது. அதற்கு மின் இருமுனைத் தன்மை இல்லை. அது ஒளிவிடும் மிகக் குறைந்த ஆற்றல் கோடு 28 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. அதைத் தூண்ட 510 கெல்வின் அளவு ஆற்றல் வேண்டும். குளிர்ந்த மேகத்தில் அது ஊமையாகவே இருக்கும்.

எனவே 1970இல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் ஆகியோர் ஓரியன் நெபுலாவில் கார்பன் மோனாக்சைடின் 115 கிகாஹெர்ட்ஸ் கோட்டைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, ஹைட்ரஜனை எடைபோட அந்த மூலக்கூறே எடைக்கல்லாகப் பயன்படுகிறது. அதற்கும் குறைகள் உண்டு. அந்தக் கோடு அடர்த்தியான மேகங்களில் தன்னையே மறைத்துக்கொள்ளும். நமக்குத் தெரிவது மேகத்தின் முகப்பு மட்டுமே. இதைச் சமாளிக்க, அணு எடை 13 கொண்ட அரிய கார்பன் அடங்கிய மூலக்கூறின் மெல்லிய கோட்டைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். பால்வீதியின் மையத்தில் இந்த மாற்று விகிதமே ஆட்டம் காண்கிறது: சூரியனின் அக்கம்பக்கத்தில் இருப்பதுபோல அங்கே அவ்வளவு அரிதல்ல அந்த 13 எடைக் கார்பன். நம் பக்கத்தில் அறுபது எழுபது சாதாரணக் கார்பனுக்கு ஒன்று. மையத்தில் இருபது இருபத்தைந்துக்கே ஒன்று. வெவ்வேறு பகுதிகளின் விகிதங்களை நேருக்கு நேர் ஒப்பிடுபவர்கள் இதைக் கழித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அணு நிலைக் கார்பனின் 492 கோடு பெரும்பாலும் தன்னை மறைத்துக்கொள்ளாத மெல்லிய கோடு. மேகத்தின் மறுபுறம் வரை எண்ணிவிடலாம். ஹைட்ரஜனுக்கு இதுவே நல்ல எடைக்கல் என்ற வாதம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒலிக்கிறது.

தடையாக நிற்பது நீராவி

492 கிகாஹெர்ட்ஸ் அலையை வளிமண்டல நீராவி விழுங்கிவிடும். கடல் மட்டத்தில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை நிறுத்தினாலும் பயனில்லை. 809இன் நிலைமை இன்னும் மோசம். ஆகவே இந்தத் துறையின் வரலாறே ஈரத்திலிருந்து தப்பி ஓடிய வரலாறுதான்.

1980இல் தாமஸ் பிலிப்ஸ் குழுவினர் 492 கோட்டை முதன்முதலில் கண்டது விமானத்திலிருந்து. நாசாவின் கைப்பர் வான்வழி ஆய்வகம் என்ற அந்தச் சரக்கு விமானத்தில் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்தப்பட்டிருந்தது. 809 கோடும் அதே விமானத்திலிருந்துதான் 1985இல் கிடைத்தது. 1989இல் ஏவப்பட்ட கோபே செயற்கைக்கோள் இரண்டு கோடுகளையும் பால்வீதி முழுவதும் பதிவுசெய்தது. ஆனால் அதன் பார்வை 7 டிகிரி அகலம். மையப் பகுதியின் மேகங்கள் அனைத்தும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்.

பிறகு தென்துருவம். 1995 முதல் 2005 வரை அங்கே இயங்கிய 1.7 மீட்டர் அன்டார்க்டிக் சப்மில்லிமீட்டர் தொலைநோக்கி மையப் பகுதியில் கார்பன், கார்பன் மோனாக்சைடு இரண்டின் கோடுகளையும் அளந்தது. குளிரும் உலர்ந்த காற்றும் தவிர, அந்த இடத்துக்கு இன்னொரு வசதியும் இருந்தது: தென்துருவத்திலிருந்து பார்த்தால் பால்வீதியின் மையம் எழுவதும் இல்லை, மறைவதும் இல்லை. ஆண்டு முழுவதும் தொடுவானத்துக்கு 29 டிகிரி உயரத்திலேயே சுற்றிவரும். ஜப்பானியர்கள் ஃபுஜி மலையின் உச்சிக்கு அருகே 1.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து ஓரியன் போன்ற அருகிலுள்ள மேகங்களை வரைந்தார்கள். அடுத்து சிலியின் அடகாமா பாலைவனம். அங்கே 4860 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஜப்பானின் 10 மீட்டர் ஆஸ்டே தொலைநோக்கி, மையப் பகுதியில் இரண்டு ஒளியாண்டு அளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும்.

அருகிலேயே ஆல்மா என்ற, பல அலைவாங்கிகள் சேர்ந்த மாபெரும் தொலைநோக்கித் தொகுப்பு இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆல்மாவின் 12 மீட்டர் அலைவாங்கி 492 கிகாஹெர்ட்ஸில் ஒரே நேரத்தில் பார்க்கும் அகலம் ஏறத்தாழ 12 ஆர்க் நொடி. முழுநிலவின் அகலம் 1800 ஆர்க் நொடி. மையப் பகுதியோ நிலவைவிடப் பல மடங்கு நீளமானது. போதாக்குறைக்கு, குறுக்கீட்டு முறையில் இயங்கும் தொகுப்புகளின் கண்ணிலிருந்து பரந்து விரிந்த மெல்லிய ஒளி நழுவிவிடும். சிறிய இடத்தை ஊன்றிப் பார்க்க ஆல்மா. பெரிய பரப்பை வரைய ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கி. புகழில் பின்தங்கிய சிறிய கருவிகளே இந்தத் துறையில் பெரிய படங்களைத் தந்திருப்பது இதனால்தான்.

அந்த மையம் எப்படிப்பட்ட இடம்

பூமியிலிருந்து ஏறத்தாழ 26,700 ஒளியாண்டு தொலைவில், தனுசு விண்மீன் குழுவின் திசையில் அது இருக்கிறது. இடையிலுள்ள தூசு, கண்ணால் காணும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்கை மட்டுமே நம்மிடம் வரவிடுகிறது. சப்மில்லிமீட்டர் அலைகளுக்கு அந்தத் தூசு ஒரு பொருட்டே இல்லை.

நடுவில் சூரியனைப்போல் 40 லட்சம் மடங்குக்கும் அதிக நிறை கொண்ட கருந்துளை, சாஜிடேரியஸ் ஏ*. அதைச் சில ஒளியாண்டு தொலைவில் சுற்றும் வாயு வளையம். அதற்கும் வெளியே, ஏறக்குறைய 1500 ஒளியாண்டு நீளத்துக்கு, மைய மூலக்கூறு மண்டலம். இதில் பல கோடி சூரிய நிறை அளவுக்கு மூலக்கூறு வாயு குவிந்திருக்கிறது. வாயுவின் வெப்பநிலை 50 முதல் 100 கெல்வின் வரை. பால்வீதித் தட்டின் சாதாரண மேகங்களில் அது பத்து இருபதுதான். வாயுக்கொந்தளிப்பும் அதிகம். அவ்வளவு வாயு இருந்தும், விண்மீன்கள் பிறக்கும் வேகம் எதிர்பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே நிற்கிறது.

விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் மின்னூட்டத் துகள்களான காஸ்மிக் கதிர்களும் அங்கே மிகுதி. நம் பக்கத்து அடர்மேகம் ஒன்றில் ஒரு குறிப்பிட்ட ஹைட்ரஜன் மூலக்கூறைக் காஸ்மிக் கதிர் தாக்கி அயனியாக்க 300 கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மையத்தில் அந்தக் காத்திருப்பு 30 லட்சம் ஆண்டாகச் சுருங்கிவிடலாம். மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த அயனியை அகச்சிவப்புக் கதிரில் அளந்ததிலிருந்து கிடைத்த மதிப்பீடு இது.

2011இன் வரைபடம்

ஆஸ்டே தொலைநோக்கியால் குனிஹிகோ தனாகா குழுவினர் 1.4 டிகிரி நீளமுள்ள ஒரு பட்டையை 492 கோட்டில் வரைந்து 2011இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழு நிறமாலை பதிவாகும். டாப்ளர் விளைவால் வேகம் தெரியும். அதனால் ஒரே கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மேகங்களையும் பிரித்துவிடலாம். நமக்கும் மையத்துக்கும் இடையில் குறுக்கிடும் சுருள்கைகளின் வாயு குறைந்த வேகத்தில் ஒல்லியான கோடாகத் தென்படும். மையத்து மேகங்களின் கோடுகள் அகலமானவை.

அவர்கள் கார்பன் கோட்டின் பிரகாசத்தை 13 எடைக் கார்பன் மோனாக்சைடின் பிரகாசத்தால் வகுத்தார்கள். மேகங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. பெரும்பாலான மேகங்களில் விகிதம் 0.45ஐ ஒட்டி ஒரே சீராக இருந்தது. இன்னொரு கூட்டத்தில் அது 0.8க்கும் மேல். இரண்டாம் கூட்டத்தில் சேர்ந்தவை: கருந்துளையைச் சுற்றும் வளையம், நம்மிடமிருந்து நொடிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவதால் அந்த வேகத்தாலேயே பெயர்பெற்ற மேகம், ஏறத்தாழ 600 ஒளியாண்டு ஆரம் கொண்ட வெளி வளையம், வழக்கத்தை மீறிய வேகங்கள் தெரியும் ஒரு சிறு மேகம்.

50 கிலோமீட்டர் மேகத்தில் அணு நிலைக் கார்பனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் இடையிலான எண்ணிக்கை விகிதம் 0.47. மற்ற மேகங்களில் 0.26. கிட்டத்தட்ட இரு மடங்கு.

ஏன் தனித்து நிற்கிறது?

வெளியிலிருந்து விழும் புற ஊதாக் கதிரால் மட்டும் இதை விளக்க முடியாது. தூசு அதை மேகத்தின் மேற்பரப்பிலேயே நிறுத்திவிடும். மிஞ்சும் விளக்கங்கள் நான்கு.

1. காஸ்மிக் கதிர். இது தூசைப் பொருட்படுத்தாமல் மேகத்தின் ஆழம்வரை புகும். ஹீலியத்தை அயனியாக்கும்; அந்த ஹீலியம் அயனி கார்பன் மோனாக்சைடைச் சந்தித்ததும் அதைப் பிளந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. காஸ்மிக் கதிரால் கிளர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறுகள் மேகத்துக்கு உள்ளேயே புற ஊதா ஒளியை உண்டாக்கும். 1983இல் இதைச் சுட்டிக்காட்டிய பிரசாத், தாராஃப்தார் இருவரின் பெயரால்தான் இந்தச் செயல்முறை இன்றும் அழைக்கப்படுகிறது. தாராஃப்தார் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். 50 கிலோமீட்டர் மேகத்தை ஒட்டியே சாஜிடேரியஸ் ஏ கிழக்கு என்ற சூப்பர்நோவா எச்சம் (வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சம்) இருப்பது இந்த விளக்கத்துக்கு வலுசேர்க்கிறது. சூப்பர்நோவா எச்சங்களே காஸ்மிக் கதிர்களின் பிறப்பிடங்களாகக் கருதப்படுகின்றன.

2. எக்ஸ் கதிர். சாஜிடேரியஸ் ஏ* இன்று மிக மங்கலாக இருந்தாலும், சில நூறு ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது பலமாக வெடித்துப் பிரகாசித்திருக்கிறது. சுற்றியுள்ள மேகங்களில் பட்டுத் திரும்பும் எக்ஸ் கதிர் எதிரொலி அதற்குச் சான்று.

3. அதிர்ச்சி அலை. மேகங்கள் மோதும்போதும், சூப்பர்நோவாவின் வீச்சு தாக்கும்போதும் மூலக்கூறுகள் நேரடியாகவே உடைபடலாம்.

4. இளமை. மேகம் இப்போதுதான் மெல்லிய வாயுவிலிருந்து திரண்டிருக்கிறது; கார்பன் ஆக்சிஜனோடு சேர்வதற்கு இன்னும் காலம் கிடைக்கவில்லை. இதற்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும். பால்வீதியின் நடுவிலுள்ள விண்மீன் பட்டை வாயுவை இடைவிடாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருப்பதால், புதிய மேகங்கள் அங்கே வந்துசேர்வது வியப்பல்ல.

முதல் மூன்றும் உடைந்த மூலக்கூறுகளின் கதை. நான்காவது, இன்னும் உருவாகாத மூலக்கூறுகளின் கதை. படத்தில் இரண்டும் ஒரே மாதிரியாகத்தான் தெரியும். கார்பன் பிரகாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு கருந்துளையின் கைவரிசை என்று தலைப்பிடுவது அதனால்தான் ஆபத்து. விகிதம் உயர்ந்திருக்கும் நான்கு இடங்களும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. கருந்துளையின் மடியில் இருக்கும் வளையத்துக்கும் 600 ஒளியாண்டு தள்ளியிருக்கும் வளையத்துக்கும் ஒரே காரணத்தைச் சொல்வது எனக்கு இயல்பாகப் படவில்லை. உள்ளே உடைவதும் வெளியே உருவாகாமல் இருப்பதும் ஒருசேர நடக்கலாம்.

இதனால் யாருக்கு என்ன?

இதன் விளைவு மிகத் தொலைவிலிருக்கும் கேலக்ஸிகளின் எடையில் வந்து முடிகிறது. அண்ட விரிவால் ஒளி நீண்டுவிடுவதால், செம்பெயர்ச்சி 4 உள்ள, அதாவது ஒளி அலை ஐந்து மடங்கு நீண்டுவிட்ட கேலக்ஸி ஒன்றின் 492 கோடு நம்மை 98 கிகாஹெர்ட்ஸில் வந்தடையும். அதைப் பிடிப்பதில் நீராவித் தொல்லை குறைவு; ஆல்மா அதை எளிதாக அளக்கும். அந்தப் பிரகாசத்திலிருந்து கார்பன் அணுக்களின் எண்ணிக்கை, அதிலிருந்து ஹைட்ரஜனின் எடை என்று கணக்குப் போகிறது. அணுக்களின் எண்ணிக்கையிலிருந்து ஹைட்ரஜனின் எடைக்குப் போகத் தேவை, ஹைட்ரஜனுக்கு இத்தனை பங்கு தனிக் கார்பன் என்ற ஒரு நிலையான எண்.

அந்த எண் அருகருகே இருக்கும் இரண்டு மேகங்களுக்கு இடையிலேயே இரு மடங்கு மாறுகிறது என்பதைத்தான் நம் வீட்டு மையம் காட்டியிருக்கிறது. அசுர வேகத்தில் விண்மீன்களைப் பெற்றெடுக்கும் கேலக்ஸியில் சூப்பர்நோவாக்கள் அதிகம், காஸ்மிக் கதிர்களும் அதிகம். அங்கே கார்பன் மோனாக்சைடு பெருமளவு உடைந்துபோயிருந்தால், அதை நம்பி எடைபோடுபவர் வாயுவைக் குறைத்து மதிப்பிடுவார்; தட்டின் அமைதியான மேகங்களில் கிடைத்த கார்பன் எண்ணை அப்படியே போடுபவர் கூட்டி மதிப்பிடுவார். கேலக்ஸி முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது மேடுபள்ளங்கள் ஓரளவு சமன்படும் என்பது உண்மை. ஆனால் சராசரியே இடம்பெயர்ந்திருந்தால் சமன்படுத்துவது உதவாது. கார்பன், கார்பன் மோனாக்சைடு இரண்டின் கோடுகளையும் ஒன்றாக வைத்துச் சரிபார்ப்பதே இப்போதைக்கு நம்பகமான வழி.

அடுத்து வரும் அளவீடுகள்

நான்கு விளக்கங்களையும் பிரித்தறிய 492 கோடு மட்டும் போதாது. கார்பன் அயனியின் 158 மைக்ரோமீட்டர் கோட்டை மையப் பகுதியின் சில இடங்களில் சோஃபியா விமான ஆய்வகம் 2022இல் ஓய்வுபெறும் முன் வரைந்தது. 2023 டிசம்பர் 31 அன்று அன்டார்க்டிகாவிலிருந்து பறக்கவிடப்பட்ட நாசாவின் கஸ்டோ பலூன் அதே கோட்டைப் பால்வீதியில் பரவலாக அளந்தது. அதிர்ச்சி அலை பட்ட இடங்களைச் சிலிக்கன் மோனாக்சைடு காட்டிக்கொடுக்கும். தூசில் உறைந்த சிலிக்கனை விடுவிக்க மோதல் வேண்டும்.

குறையாக நிற்பது 809 கோட்டின் நுணுக்கமான, பரந்த வரைபடம். சிலியில் 5600 மீட்டர் உயரத்தில் அமையும் ஃப்ரெட் யங் சப்மில்லிமீட்டர் தொலைநோக்கியின் தட்டு 6 மீட்டர் அகலமே உள்ளது. ஆனால் அதற்காகக் கொலோன் பல்கலைக்கழகம் உருவாக்கும் சாய் என்ற கருவி கார்பனின் இரண்டு கோடுகளையும் பல புள்ளிகளில் ஒருசேர அளக்கக்கூடியது. காஸ்மிக் கதிர் மேகத்தின் ஆழம்வரை எங்கும் வெப்பம் ஏற்றும். அதிர்ச்சி அலை வீச்சு பட்ட பக்கத்தை மட்டும் சூடாக்கி, அங்கே கோட்டையும் அகலமாக்கும். 50 கிலோமீட்டர் மேகத்தின் 809, 492 விகிதம் சூப்பர்நோவா எச்சத்தின் பக்கம் மட்டும் உயர்கிறதா, மேகம் முழுவதும் ஒரே சீராக உயர்ந்திருக்கிறதா என்பது தெரிந்தால், நான்கு விளக்கங்களில் ஒன்றையாவது பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.